ஆறு மணிக்கு மேல் அடிக்கும் போன்

வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ‘ஹலோ அக்கா’. வேலை அப்படி. புகார் கொடுத்தவர்களைப் போனில் பிடித்து விசாரணைக்கு வரச் சொல்ல வேண்டும். மூன்று முறை எடுக்கவில்லையா, ஆளுக்கு அக்கறையில்லை என்று பொருள். புகார் ‘தீர்ந்தது’ கணக்கில் சேரும். இந்த ஏற்பாட்டின் புண்ணியத்தில் வருடா வருடம் அநியாயங்கள் அமோகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன. ஆபீசர் அறைச் சுவரில் வரைபடக் கோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது.

அன்று இஸ்திரிக்காரிக்கு மூன்றாவது அழைப்பு. துணி ஆலையில் மேற்பார்வை பார்த்தவள். பிள்ளை பெற்றுத் திரும்பியதும் பதவியைப் பிடுங்கி, மறுபடி இஸ்திரி மேஜைக்கே தள்ளியிருந்தார்கள். வெகுநேரம் அடித்தபின் ஓர் ஆண் குரல் எடுத்தது.

“யாரும்மா அது, விடாம அடிச்சு உயிரை வாங்குறீங்க?”

“நீங்க அவங்க வீட்டுக்காரரா?”

“நல்லா இருக்கே கதை! நான் கேட் செக்யூரிட்டி. காலையில எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில போட்டுடுவோம். அஞ்சரைக்கு மேலதான் கைக்குப் போகும்.”

அவன் குரலுக்குப் பின்னால் வேறு போன்களும் விதவிதமாகப் பாடின. ஹலோ அக்கா ரிசீவரை மெல்ல வைத்தாள். இத்தனை வருஷமாகப் பெட்டிகளுக்கா ஹலோ சொன்னாள்? இந்த அலுவலகம் ஐந்து மணிக்கே கடையைக் கட்டிவிடுமே!

ஆபீசர் எட்டிப் பார்த்தார். “இஸ்திரி கேஸை மூடியாச்சா?”

“சாயங்காலம் ஒருதடவை பார்த்துடுறேன் சார்.”

“சாயங்காலமா? நாளைக்கு ரிப்போர்ட் போகணும்மா. நம்ம சதவீதம்...”

“அது எங்க சார் ஓடிப்போகும்?”

எல்லோரும் போய்விட்டார்கள். அவள் மட்டும் இருந்தாள். ஆறு மணிக்கு டயல் செய்யக் கை நீட்டும்போதே போன் அடித்தது.

“அம்மாடி, எடுத்துட்டீங்களா! நான் இஸ்திரி போடுறவ பேசுறேன்க்கா. நீங்க முதல்ல கூப்பிட்ட நாள்லேர்ந்து தினம் ஷிப்ட் முடிஞ்சதும் அடிக்கிறேன். ஆளில்லாத ஆபீசுக்கு ஏன்டி போன் பண்றேன்னு எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறாரு.”

“தப்பு எங்க மேலதாம்மா. உன் புகாரை மூடலை. திங்கட்கிழமை விசாரணை, வந்துடுவியா?”

“வராம? லீவு தரலைன்னா அதையும் சேர்த்துச் சொல்லிட்டுப் போறேன்!”

ரிசீவரை வைத்ததுதான் தாமதம், மறுபடி அடித்தது. எப்போதோ ‘தீர்ந்துபோன’ ஒரு லாரி டிரைவர். அவர் பேசிக்கொண்டிருக்கையில் பக்கத்து மேஜையில் இன்னொன்று, பூட்டிய ஆபீசர் அறைக்குள் ஒன்று, வாசல் வரவேற்பு மேஜையில் ஒன்று.

அவள் சுற்றிலும் பார்த்தாள். காலி நாற்காலிகளை நம்பி இத்தனை பேர் ஒவ்வொரு சாயங்காலமும் அடித்திருக்கிறார்கள்!

“கொஞ்சம் லைன்லயே இருங்கண்ணா, வச்சிடாதீங்க” என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, பக்கத்து மேஜைக்கு ஓடினாள்.