எனக்கு இல்லாத சர்க்கரை

என் நோய்க்கு அம்மா வைத்த பெயர் சர்க்கரை. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை நான் விழுங்குவதை யாராவது பார்த்துவிட்டால் சொல்வதற்குக் கௌரவமான ஒரு காரணம் வேண்டுமே. கோயமுத்தூரில் சர்க்கரை இல்லாத வீடு ஏது? அதனால் உறவுக்காரர் வீடுகளில் எனக்கு மட்டும் கசப்புக் காபி. கல்யாணப் பந்தியில் என் இலைக்கு ஜிலேபி வராது. இனிப்பென்றால் உயிரை விடுகிறவள் நான். எரிச்சல் எரிச்சலாக வரும்.

தங்கையைப் பெண் பார்க்கக் கோபியிலிருந்து வந்தார்கள். காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் கால் தானாக ஆடியது. காலை ஆட்டாதே, அதிகம் பேசாதே, பேசாமலும் இருந்துவிடாதே என்று அம்மா உயிரை எடுத்தாள். தங்கைக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. என்னால் அது கெட்டுவிடுமோ என்று அம்மாவுக்கும் எனக்கும் பயம்.

தங்கை காபி கொண்டுவந்தாள். என் டம்ளர் மட்டும் தனியாக வந்ததைப் பையனின் பெரியம்மா கவனித்துவிட்டார். அம்மா வழக்கமான பதிலைச் சொன்னாள். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதுலென்ன வெக்கம் கண்ணு? மாத்தரைய மட்டும் ஒரு நாளும் உட்டுப்போடாத அம்மணி.”

இந்த வார்த்தைக்கு எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். வந்ததுதான் வந்தது, வேறு நோய்க்கு வந்தது.

கையை விடாமலே அவர் அம்மாவிடம் பேச்சைத் தொடர்ந்தார். முன்பு பார்த்த ஓர் இடத்தில் பெண்ணின் அண்ணனுக்கு மனசு சரியில்லையாம். மறைத்துவிட்டார்களாம். நல்லவேளை தப்பித்தார்களாம். அது ரத்தத்தில் வருவதாம், எந்த நேரத்தில் யாரை அடிப்பார்கள் என்று தெரியாதாம். நான் இதுவரை அடித்தது கொசுவைத்தான். கால் மறுபடி ஆடத் தொடங்கியது. சொல்லிவிட வாய் துடித்தது. தங்கையின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

அவள் சமையலறைக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவோடு வந்தாள். என் டம்ளரில் போட்டுக் கலக்கினாள்.

“அக்காளுக்குச் சக்கரை இல்லீங்க. அந்த மாத்தரை மனசுக்குங்க.”

பெரியம்மாவின் கை என் கையிலிருந்து மெதுவாக நழுவியது. ஊருக்குப் போய்ப் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். சொல்லவே இல்லை.

அந்த வாரம் முழுக்கத் தங்கை அழுதாள். நான் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். அப்புறம் ஒருநாள் காலையில் தன் காபியிலேயே பாதியை ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

“இனி உனக்குத் தனியாக் கலக்கற வேல மிச்சம், போ.”