இடது பக்கம் இழுக்கிற கரிஸ்மா

முருகேஷுக்குக் குற்றம் கண்டுபிடிப்பதுதான் வேலை. அவிநாசியில் ஒரு நிட்டிங் கம்பெனியில் துணி செக்கிங். விளக்கெரியும் கண்ணாடி மேசையில் ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடிப் பழகி, சந்தையில் வாங்கும் தக்காளியைக்கூட வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் 2007இல், மனைவி ஜெயசுதாவின் தங்கை கணவரான அர்த்தநாரியின் பழைய கரிஸ்மா பைக்கை மட்டும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார். சகலைதானே என்று விட்டுவிட்டார்.

ஜெயசுதாவைப் பின்னால் உட்காரவைத்து வால்பாறை மலை ஏற வேண்டுமென்று ஆசை. அதற்காகப் பின்பக்கம் குலுங்காமலிருக்கக் கேஸ் ஷாக் அப்சார்பரும், தேய்ந்த டயர்களுக்குப் பதில் நல்ல பிடிப்புள்ள புது டயர்களும் போட முடிவு செய்து, தூத்துக்குடிக்காரர் அந்தோணிராஜின் பட்டறையில் வண்டியை விட்டார்.

வேலை முடிந்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த அந்தோணிராஜ் இறங்காமலே சொன்னார்.

"அண்ணாச்சி, வண்டி இடது பக்கம் இழுக்கு. முன்சக்கரத்தைத் தாங்குத ஃபோர்க் வளைஞ்சிருக்கு. எங்கயோ பலமா மோதியிருக்கு. அதை மாத்தாம மலை ஏறிராதிய."

முருகேஷுக்குச் சுருக்கென்றது. ஷாக், டயர், இப்போது ஃபோர்க். நாளைக்கு என்ன சொல்வானோ?

"நேத்து வரைக்கும் நேராப் போன வண்டிங்க. நீங்க கைவெச்ச பொறவு எப்படீங்க இழுக்குது?"

"அப்பவும் இழுத்திருக்கும். பழைய டயரு ஆடுன ஆட்டத்துல தெரிஞ்சிருக்காது."

முருகேஷ் நம்பவில்லை. வழியெல்லாம் கைப்பிடி இடது பக்கமே போனது. சக்கரத்தை வேண்டுமென்றே கோணலாக மாட்டியிருப்பான் என்று பொருமிக்கொண்டே வீடு சேர்ந்தார்.

"தங்கச்சி ஊட்டுக்காரருகிட்டயே கேட்டுப்போடுங்க," என்றாள் ஜெயசுதா.

குன்னத்தூரில் அர்த்தநாரி காப்பி கொடுத்து உபசரித்தார். "நம்ம வண்டி ஒரு நாளும் கீழ சாஞ்சதில்லீங்க சகலை. அந்த மெக்கானிக்கு உங்களை ஏமாத்தறானுங்க."

முருகேஷுக்கு நிம்மதியாக இருந்தது. அப்போது அர்த்தநாரி பரண்மேல் எதையோ எடுக்கப் போனார். வலது கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதே கையை நீட்டினார். இடது கை சும்மா தொங்கியது.

"இடது கைக்கு என்னங்க?"

"செவுத்துல இடிச்சுக்கிட்டனுங்க."

"அதைக் கொஞ்சம் மேல தூக்குங்க பாக்கலாம்."

அர்த்தநாரியால் நெஞ்சுக்கு மேலே தூக்க முடியவில்லை. சட்டைக் காலருக்கடியில், தோள்பட்டை எலும்பு முடிச்சுப்போட்டதுபோல் புடைத்திருந்தது. அவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"விக்கறதுக்கு முன்னாடி பெருமாநல்லூர்ல ஒரு லாரிக்குப் பின்னாடி வண்டியக் கொண்டுபோயி உட்டுட்டனுங்க. ஊட்ல தெரிஞ்சா சத்தம் போடுவாங்கன்னு மூடி மறைச்சுப்போட்டேன்."

"எம்பட பொண்டாட்டியும் அந்த வண்டி மேலதான உக்காருவா?" என்று கேட்டுவிட்டு முருகேஷ் எழுந்து வந்தார்.

மறுநாள் பட்டறையில் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "ஃபோர்க்கை மாத்திருங்க," என்றார், தரையைப் பார்த்தபடி. ஆனாலும் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஃபோர்க்கின் புதுக் குழாயைக் கையில் வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அந்தோணிராஜ் சிரித்துவிட்டார்.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. பாத்துட்டுக் குடுங்க."

மாட்டி முடிக்கும் நேரத்தில் அர்த்தநாரி வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. "மொதல்ல நான் ஓட்டிப் பாக்கறனுங்க," என்று சாவிக்குக் கை நீட்டினார்.

முருகேஷ் தரவில்லை. "கை ஆறட்டும். மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டுங்க," என்றவர், சற்று யோசித்து, "ஏறுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார். சகலைகள் இருவரும் அதே வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அடுத்த மாதம் முருகேஷும் ஜெயசுதாவும் ஆழியாறு தாண்டி வால்பாறை மலை ஏறினார்கள். வளைவுகளில் வண்டி வழுக்காமல் சாய்ந்து நிமிர்ந்தது. பாதியில் முருகேஷ் நிறுத்திக் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார்.

"இழுக்குதுங்களா?" என்று பயந்தாள் ஜெயசுதா.

"இல்ல. இத்தனை நேராப் போகுதே, அதான்."