கருவாட்டுக்குப் போட்ட கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன் குச்சவெளியில் நடந்தது இது. சுயதொழில் செய்யும் பெண்களுக்கு, பொருளின் அடக்கவிலையைக் கண்டு அதன்மேல் இலாபம் வைப்பது எப்படி என்று படிப்பிக்க, திருகோணமலையிலிருந்து கிழமைக்கு ஒருநாள் பஸ்ஸில் போய்வருவேன். கணக்கில் நான் புலி என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

வகுப்பில் கருவாடு போடும் அக்கா ஒருவர் இருந்தார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். உப்புவெளிக் கடைக்காரர் ஒருவர் அவரிடம் நாற்பது கிலோ கேட்டு, விலை சொல்லச் சொல்லியிருந்தார். நான் அக்காவின் வீட்டு வளவுக்கே போய், வெயிலில் கிடந்த மீனை நிறுத்துப் பார்த்தேன். பத்துக் கிலோ பச்சைமீன் ஐந்து கிலோவாகியிருந்தது.

மீன் கிலோ நானூறு. அப்படியென்றால் ஒரு கிலோ கருவாட்டுக்கு எண்ணூறு. உப்பு, பை, பஸ் காசு எல்லாம் நூறு. இலாபம் நூறு வைத்து, ஆயிரம் ரூபாய் என்று எல்லோருக்கும் முன்னால் பலகையில் எழுதினேன். அக்கா பலகையைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "ஓம் மிஸ்" என்றார். கடைக்காரருக்குத் தொலைபேசியில் விலை சொன்னதும் நான்தான்.

ஒரு மாதம் கழித்து, பாராட்டு வாங்கும் ஆசையில் அவரிடம் போய் விசாரித்தேன். சொல்லத் தயங்கினார். வற்புறுத்தியதும் சொன்னார்.

"நீங்கள் நிறுத்தது ரெண்டாம் நாள், மிஸ். இன்னும் ரெண்டு வெயில் காய வேணும். காய்ஞ்சா நாலு கிலோதான் மிஞ்சும்."

மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு மீன் மட்டும் ஆயிரம், மற்றச் செலவு நூறு, அடக்கமே ஆயிரத்து நூறு. நாற்பது கிலோவுக்கு நாலாயிரம் ரூபாய் கையைக் கடித்திருக்கிறது.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"அவ்வளவு பேருக்கு முன்னால உங்களை எப்பிடிப் பிழை சொல்லுறது? ஈரத்தோட நிறுத்துக் குடுத்திருந்தா உங்கட கணக்குச் சரிவந்திருக்கும். ஆனா கருவாடு பழுதாப் போயிடும். அந்தக் கடைக்காரரும் பாவம்தானே."

குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நாலாயிரத்தை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். அடுத்த முறைக்கு விலையைத் திருத்தித் தந்தால் காணும் என்றார்.

இப்போது பலகையில் எழுதுமுன் அந்தத் தொழில் செய்பவரைத்தான் முதலில் பேச விடுகிறேன். ஆனாலும், என் மரியாதையைக் காப்பாற்ற ஒரு தாய் தன் பிள்ளைகளின் சோற்றுக்காசை விட்டுக்கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனத்துப்போகிறது.