மோட்டார் கொடுத்த மிஸ்டு கால்

எண்ணூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கத்து வீட்டில். என் வீட்டுக்காரருக்கு அங்கே எலெக்ட்ரீஷியன் வேலை. எலெக்ட்ரீஷியன் என்று பேர்தான். உண்மையில் அந்த வளாகத்து நீச்சல் குளத்துக்குத்தான் அவர் வாழ்க்கைப்பட்டிருந்தார். அது எனக்கு மூத்தாள் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதிகாரிகளின் பிள்ளைகள் குளிக்க வருவார்கள். மற்ற நாளெல்லாம் அனல் மின் நிலையத்துச் சாம்பலும் வேப்பிலையும்தான் அதில் நீந்தின. தண்ணீரைச் சுற்றவிட்டு வடிகட்டுகிற மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் எங்கள் ஊர் வெயிலுக்கு மறுநாளே தண்ணீர் பச்சையாகிவிடும். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்தில் எங்கள் டியூப் லைட் சதா கண்ணடித்துக்கொண்டிருக்கும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் நின்றுவிடும். கரண்ட் சரியானாலும் தானாக ஓடாது, யாராவது போய் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். மோட்டார் இருந்ததோ குளத்துக்கு அந்தப் பக்கம், தரைக்குக் கீழே ஒரு பள்ளத்து அறையில். இரும்பு ஏணி பிடித்து இறங்க வேண்டும். வெளியே ஓயாமல் கன்டெய்னர் லாரிகள். அந்தச் சத்தத்தில் மோட்டார் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று வீட்டிலிருந்து தெரியாது. அதனால் அவர் பாதி நாள் பள்ளத்திலேயே கிடந்தார்.

எங்களுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. ஏழாம் மாதமே வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கும் அவர் பள்ளத்தில்தான் இருந்தார். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. சண்டை என்று வந்தால் நான் எதை எதையோ இழுப்பேன், அவர் அக்கா கல்யாணத்தில் எனக்கு இலை போடாததுவரை. அந்த நாளை மட்டும் இழுத்ததில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இரண்டாவது முறை நான் முழுகாமல் இருந்தபோது ஒருநாள் பழைய செல்போன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அவரிடம் ஏற்கெனவே ஒரு பட்டன் போன் இருந்தது. இது எனக்குத்தான் என்று நினைத்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். மனுஷன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதைப் பிளந்து போட்டுவிட்டார்.

"இன்னாய்யா பண்றே? எனக்கில்லியா அது?"

"மோட்டாருக்குத்தாம்மே."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குக் குழம்பில் உப்பே போடவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. அழுத்திப் பிடித்தால் அவர் நம்பருக்குப் போகிற மாதிரி வைத்திருந்த இரண்டாம் எண் பொத்தானில் ஒயர் பற்றவைத்து, அதை மோட்டாரின் ஸ்டார்ட்டரோடு இணைத்துவிட்டார். மோட்டார் நின்றால் அந்தப் பொத்தான் தானாக அழுந்தும், அழுந்தினால் அவர் போனுக்கு அழைப்பு வரும். போனில் பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் கவலை இல்லை.

செய்து காட்டுவதற்கு என்னை வீட்டின் பின் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். மோட்டாருக்குப் போகிற மெயின் ஸ்விட்ச் அந்தச் சுவரில்தான் இருந்தது. அதைக் கீழே இழுத்தார். சற்று நேரத்தில் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. 'மோட்டார்' என்று பேர் வந்தது.

"பாத்தியா? இனிமே பள்ளத்துல காவல் காக்க வேணாம். உன் கூடவே கெடப்பேன்" என்றார்.

உண்மையாகவே அந்த எண்ணத்தில்தான் செய்தார். முதல் வாரம் வெங்காயம்கூட உரித்துக் கொடுத்தார். பிறகு, மோட்டார்தான் கூப்பிடுமே என்று வெளியே ஒயரிங் வேலைக்குப் போக ஆரம்பித்தார். வீட்டில் இருப்பதற்காகச் செய்த சாமான், வீட்டைவிட்டுப் போவதற்குத் தோதாகிவிட்டது. எங்கே இருந்தாலும் 'மோட்டார்' என்று வந்தால் ஓடி வருவார். ஒருமுறை மாதா கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றவர், போன் அடித்ததும் அப்படியே திரும்பி வாசலுக்கு ஓடினார். சாமியாரே கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் அதிகாரிகள் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அவர் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டு ஒயரிங்குக்குப் போயிருந்தார். என்னைப் பிரசவத்துக்கு ராயபுரத்துக்கு அழைத்துப்போக அம்மா அடுத்த வாரம்தான் வருவாள். மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது இடுப்பைப் பிடித்தது. வாயு என்று நினைத்தேன். அடுத்த வலியில் பனிக்குடம் உடைந்துவிட்டது.

வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தார். கெஸ்ட் ஹவுஸ் போன் பூட்டிய அறைக்குள். கேட்டுவரை நடக்கலாம் என்று, அந்தப் பக்கம் திறக்கிற பின் வராந்தாவுக்கு வந்தேன், அதற்குமேல் கால் வரவில்லை. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அந்த மோட்டாருக்குப் போன் இருக்கிறது, எனக்கு இல்லை. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. அப்போதுதான் சுவரில் இருந்த மெயின் ஸ்விட்ச் கண்ணில் பட்டது.

எனக்காக வருவாரோ மாட்டாரோ, மோட்டாருக்கு வருவார். எட்டி அதைப் பிடித்து இழுத்தேன். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

வலி வந்து வந்து போனது. மாதாவைக் கூப்பிட்டேன், அவரைத் திட்டினேன், மறுபடியும் மாதாவைக் கூப்பிட்டேன். கடைசியில் அவர் யாரோ ஒரு தோஸ்தின் பைக்கில் வந்து கேட்டில் இறங்கினார். நான் கையை ஆட்டினேன். மனுஷன் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் குளத்தைத் தாண்டி ஓடி ஏணியில் இறங்கிவிட்டார். கூப்பிட்டேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மறுபடியும் அதே பள்ளம்.

ஆனால் எனக்குத் தெரியும், கீழே கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லை என்றால் மெயினைப் பார்க்க இங்கேதான் வந்தாக வேண்டும்.

வந்தார். "மெயினை எந்தக் கஸ்மாலம் ஆஃப் பண்ணது" என்று கத்திக்கொண்டே படியேறினார்.

"நான்தான்யா."

என்னைப் பார்த்தார். தரையில் இருந்த ஈரத்தைப் பார்த்தார். பை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"நீயா கூப்ட்டே?"

"அன்னிக்கும் கூப்ட்டேன். இந்தவாட்டிதான் உன் காதுல வுழுந்துச்சு."

என்னைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, நெட்டுக்குப்பத்து ஆட்டோ ஒன்றை மறித்தார். ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வுட்ராதமே, வுட்ராதமே" என்று அழுதுகொண்டே வந்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதார் என்று நினைக்கிறேன். பொழுது சாய்வதற்குள் மகள் பிறந்தாள். அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

மெயினை மேலே தூக்க இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் பச்சைக் குளத்தைப் பார்த்துவிட்டு அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார்களாம். சிரித்துக்கொண்டே நின்றாராம்.

நான் வீடு திரும்பியதும் பள்ளத்துப் போனின் ஒயரை வெட்டி, துடைத்து, என் கையில் கொடுத்தார். பொத்தானில் ஈயம் அப்படியே ஒட்டியிருந்தது. அதிலிருந்து முதல் முறை அவரைக் கூப்பிட்டபோது அவர் போனில் 'மோட்டார்' என்றுதான் பேர் வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ போன் மாற்றியாகிவிட்டது, பேர் மட்டும் மாறவில்லை. மகள் கிண்டல் செய்வாள். பேரை மாற்றச் சொல்லி நான் கேட்டதில்லை. மோட்டார் என்று வந்தால்தான் அவர் முதல் மணியிலேயே எடுக்கிறார்.