முதல் மடை நெல்

பெங் சூலானுக்கு ஊரில் 'ரெண்டு பானை' என்று பட்டப்பெயர். ஹூனான் பக்கத்து அந்த ஆற்றங்கரை ஊரில் எல்லார் வீட்டிலும் ஒரே சோறுதான் வேகும். மகள் கூட இருந்த வரைக்கும் சூலான் மட்டும் மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று தனித்தனியாக ஆக்குவாள். மகளுக்கு மேல் வயல் அரிசி. தனக்குக் கீழ் வயல் அரிசி, அதிலும் பொறுக்கி ஒதுக்கிய நொய்.

அந்த மேல் வயல் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. புருஷன் நிலக்கரிச் சுரங்கத்தில் செத்துப்போனபோது மகள் நிங் ஏழு மாதக் குழந்தை, அதுவும் நோஞ்சான். கஞ்சி கொடுக்கத் தொடங்கிய அந்த மாதமே சூலான் பக்கத்து வீட்டு தெங்கிடம் போய், கீழே இருந்த தன் இரண்டு வயல்களில் பெரியதைக் கொடுத்துவிட்டு, வாய்க்காலின் முதல் மடையில் இருந்த அவருடைய சின்ன வயலை வாங்கிக்கொண்டாள். ஆற்றுத் தண்ணீர் முதலில் பாய்வது அங்கேதான். அடுத்தவன் வயல் மருந்தையும் உரத்தையும் கழுவிக்கொண்டு வராத தண்ணீர், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். பெரிசைக் கொடுத்துச் சின்னதை வாங்குகிறாளே என்று ஊர் சிரித்தது. நெல் விளைந்த அழகைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. தெங்குக்கு மட்டும் வயிற்றெரிச்சல். ஏமாற்றி வாங்கிவிட்டாள் என்று இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். பேரன் பிறந்தபோது வயலைத் திருப்பிக் கேட்டும் பார்த்தார், அவள் கொடுக்கவில்லை.

நிங் வேலைக்காக குவாங்சோ போனாள், அங்கேயே கல்யாணமும் ஆயிற்று. அறுவடை முடிந்ததும் இரண்டு மூட்டை அரிசி பஸ்ஸில் போகும். புகை போட்ட பன்றிக்கறி ஒரு துண்டு கொடுத்தால் டிரைவர் முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொள்வார். கடை அரிசி எந்தத் தண்ணீரில் விளைந்ததோ யார் கண்டது என்று சூலான் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு எரிச்சல்தான் வரும். பேசிவிட்டுப் போகட்டும், பெருமைப்பட அவளிடம் வேறென்ன இருந்தது? இந்த வருஷம் நிங் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். அதனால் மூன்று மூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

மூட்டை பஸ் ஏறுவதற்கு முன்பே மண்ணையும் நெல்லையும் பரிசோதித்த முடிவு வந்துவிட்டது. ஆற்றின் மேற்பக்கம் உலோகம் உருக்கும் ஆலை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. ஆய்வகத்திலிருந்து வந்த பெண் ஊர் அலுவலகத்தில் பட்டியலை வாசித்தாள். சூலானின் மேல் வயல் நெல்லில் காட்மியம் என்கிற நச்சு உலோகம் அனுமதித்த அளவைப்போல நாலு மடங்கு. கீழ் வயலில் அளவுக்குள் இருந்தது.

"நீ மாத்திப் படிக்கிறேம்மா," என்றாள் சூலான். "நல்ல தண்ணி பாயுறது மேலதான். கீழ வர்றது எல்லாரும் கழுவி விட்டது."

"மாத்திப் படிக்கல அத்தை. அந்த உலோகம் வண்டலோட ஒட்டிக்கிட்டு வரும். தண்ணி வயலுக்குள்ள நுழைஞ்சு நிதானிக்கிற எடத்துல வண்டல் படிஞ்சிடும். முதல் வயல்தான் முக்காவாசியப் பிடிச்சு வச்சுக்குது."

சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆகும் என்று சூலான் கேட்டாள். சிறுநீரகம், எலும்பு என்றெல்லாம் சொன்ன அந்தப் பெண், பிள்ளைத்தாய்ச்சி உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் காட்மியம் இன்னும் அதிகமாக ஏறும் என்றும் சொன்னாள். பயந்துவிடாமல் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லி ஒரு சீட்டில் ஆஸ்பத்திரியின் பேரை எழுதிக் கொடுத்தாள்.

பின் வரிசையில் தெங் இருந்தார். இன்றைக்கு விடமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரோ எழுந்து வந்து சூலானின் குடையை எடுத்துக்கொண்டு அவள் வீடு வரைக்கும் கூடவே நடந்தார். வாசலில் மட்டும், "என் பேரனுக்குக் கேட்டேனே அந்த வயல, நீ குடுக்கல," என்றார். அதில் குத்தல் இல்லை.

சூலான் மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"நிங், அந்த அரிசிய இனிமே சமைக்காத. இருக்கறதையும் கொட்டிடு."

புழு வைத்துவிட்டதா என்று நிங் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிடத்தான் சூலானுக்கு ஆசை. புழு வைத்த அரிசிக்காக யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? எல்லாவற்றையும் சொன்னாள்.

"எத்தன வருஷமா இப்படியாம்?"

"நீ கஞ்சி குடிக்க ஆரம்பிச்சதுலேருந்து."

திட்டட்டும் என்று சூலான் காத்திருந்தாள். வயிறாரத் திட்டு வாங்கினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஆனால் நிங் வேறொன்று கேட்டாள்.

"நான் இங்க வந்தப்புறம் நீயும் அதத்தான சாப்பிடறேன்னு சொன்ன? உனக்கு வேற முதுகுவலி. நாளைக்கே போய் டெஸ்ட் எடும்மா."

நீயும் சாப்பிடு என்று மகள் ஒவ்வொரு வருஷமும் நச்சரிப்பாள். சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்லித்தான் சூலான் சமாளித்து வந்தாள்.

"இல்லடி," என்றாள். "நான் ஒரு வாய் கூட சாப்பிடல. அவ்வளவும் உனக்குத்தான் அனுப்பினேன்."

"அப்பாடா," என்றாள் நிங். "நீயாவது தப்பிச்சியே."

மகள் அதை மனசாரச் சொன்னாள். சூலானால் அதைத்தான் தாங்க முடியவில்லை.