எண்ணிக்கைக்கு மறுநாள் மாமல்லபுரம்

மாமல்லபுரத்துக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றும் பள்ளிச் சுற்றுலா. அங்கே நான் பார்த்ததெல்லாம் பிள்ளைகளின் தலைகளைத்தான். எண்ணி எண்ணியே பொழுது போய்விடும். ஒரு தடவையாவது சிற்பங்களைப் பார்ப்போமே என்று, சட்டமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கைக்கு மறுநாள் தனியாகக் கிளம்பினேன். செங்கல்பட்டில் நான் கணக்கு டீச்சர். முந்தின நாள் முழுக்க எண்ணும் டூட்டி. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஆட்சி மாறியதே மாலை ஏழு மணிக்கு வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

காலை 6.20-க்குப் பேருந்து. திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம், டிக்கெட் 28 ரூபாய். வழியெங்கும் வெடித்த பட்டாசுத் தாள். கண்டக்டர் அரசியல் பேசவில்லை. மற்ற எல்லாரும் பேசினார்கள்.

இறங்கி, இட்லி சாப்பிட்டுவிட்டு ஸ்டாண்டில் ஆட்டோ பேசினேன். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், திரும்பப் பேருந்து நிலையம், காத்திருப்பும் சேர்த்து 350 ரூபாய். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர் கேட்டார்:

“மேடம், நேத்து ஏழாவது டேபிள்ல இருந்தது நீங்கதானே?”

அப்போதுதான் அடையாளம் தெரிந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஆளுங்கட்சி ஏஜென்டாக உட்கார்ந்திருந்தவர். ஒன்பதாவது சுற்றில் இரு கட்சிக்கும் இழுபறி. எதிர்க்கட்சிக்கு இயந்திரம் 386 காட்டியது. நான் படிவத்தில் 368 என்று எழுதிவிட்டேன். எதிர்க்கட்சி ஏஜென்ட் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். தப்பைச் சொன்னது இவர்தான். சும்மா இருந்திருந்தால் பதினெட்டு ஓட்டு இவர் கட்சிக்கு லாபம்.

ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“மிஷினு காட்னத நான் கண்ணால பாத்துகினு இருந்தேன் மேடம். அப்பால எப்டி கையெழுத்து போடறது?” என்றார். கொஞ்ச தூரம் போனதும், “ஸ்டாண்டுல மட்டும் சொல்லிடாதீங்க. எங்க ஆளுங்களே என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க” என்றார்.

அவருக்கு வேறு கவலையும் இருந்தது. ஸ்டாண்டில் இருப்பது தோற்ற கட்சியின் போர்டு. இவர் கட்சி ஆட்சிக்கு வந்தபோது, மற்ற கட்சி டிரைவர்களைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிற்கவிடாமல் விரட்டியிருக்கிறார்கள். விரட்டியவர்களில் இவரும் ஒருவர். அதை மறைக்காமல் சொன்னார்.

ஐந்து ரதத்தில் எட்டு மணிக்கு நானும் காவலாளியும் மட்டும்தான். கல் யானையை முதுகுப் பக்கமிருந்து நிதானமாகப் பார்த்தேன். கடற்கரைக் கோயிலில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரையும் எண்ணவில்லை.

திரும்பியபோது ஸ்டாண்டில் ஜெயித்த கட்சிக்காரர்கள் ஏணி போட்டுப் பழைய போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏணியைப் பிடித்திருந்தவர் அன்று விரட்டப்பட்டவர்களில் ஒருவராம். இவர் ஆட்டோவை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். முந்தின நாள் நடந்தது என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் உதவுமா, கெடுக்குமா என்று தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஏணிக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். “இனிமே போர்டு எங்களுது அண்ணாத்த. நாங்களும் இங்கதான் நிப்போம். நீயும் நில்லு. வர்ற வரிசையில சவாரி.”

இவர் தலையை மட்டும் ஆட்டினார். என்னிடம் பேசிய 350-ஐ வாங்கிக்கொண்டு, வண்டியைத் திருப்பி வரிசையின் கடைசியில் நிறுத்தினார். முன்னால் ஆறு வண்டிகள். இரண்டு கட்சி வண்டிகளும் கலந்து நின்றன.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். 40 ரூபாய் டிக்கெட் ஒன்றே இரண்டு இடத்துக்கும் போதும், தொலைத்துவிடாதீர்கள். பத்தரைக்கு மேல் பாறை கால் வைக்க முடியாமல் சுடும். ஆட்டோவுக்குக் காத்திருப்பையும் சேர்த்தே பேசிவிடுங்கள். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் ஊரே அசந்து தூங்கும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. டிரைவரின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்; சொல்ல மாட்டேன்.