தாமதமாகத் திரும்பிய லாரி

என் வீட்டுக்காரர் முப்பது வருசம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்த பிறகு பேச்சே குறைந்துபோனது. பிரிஞ்சாங் டவுனில் ஹோட்டல் வேலையில் இருக்கும் மகன், பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, லாரி ஓட்டும் கேமைப் போட்டு, ஸ்டேரிங்கும் மாட்டிக் கொடுத்தான். வலது கையால் ஓட்டுவார். அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஆனால் வளைவு வந்தால் படம் வெட்டி வெட்டிப் போகும், அவருக்குத் தலை சுற்றும். மகன் ஃபிரேம் ஜெனரேஷன் என்று ஒன்றைப் போட்டான்.

"ரெண்டு படத்துக்கு நடுவுல கம்ப்யூட்டரே ஒரு படத்த வரஞ்சு சொருகிக்கும்பா. பாருங்க, எப்படி வழுக்கிக்கிட்டுப் போவுதுன்னு."

திரை மூலையில், நொடிக்கு எத்தனை படம் என்று காட்டும் நம்பர் எண்பதைத் தாண்டியது. அன்றிலிருந்து லாரி எல்லா வளைவிலும் மண்மேட்டில் இடித்தது. அவர் வலது கையை மடக்கி மடக்கிப் பார்த்தார்.

"இந்தா, இந்தக் கையும் போவுது போல" என்றார் என்னிடம்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் ஸ்டேரிங்கைத் திருப்பிக் கொஞ்சம் பொறுத்துத்தான் படத்தில் லாரி திரும்பியது. கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் பிடித்து நடக்கும்போது ஒருத்தி அரை எட்டு பிந்தினாலும் வெட்டு கோணலாகும். அந்த வேலை பார்த்த எனக்கு அது கண்ணில் பட்டது.

"கையில ஒண்ணுமில்லங்க, மிஷின்தான் லேட்டு" என்று அவரைத் தேற்றினேன். ஆறாம் வகுப்போடு நின்றவள், மகனிடம் சொல்லக் கூச்சம். அவரைக் கிளினிக்குக்கும் கூட்டிப் போகவில்லை. பத்து நாள் போனது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்ததும் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"ஆமாம்மா, படம் கம்மியா ஓடுறதுல சொருகுனா கை லேட்டாதான் கேக்கும். எனக்கே தோணல லா. நீங்க கம்ப்யூட்டர் கடையே போடலாம்!"

அதை எடுத்துவிட்டு, நம்பர் நாற்பதுக்கு மேல் போகாமல் கட்டிவைத்தான். ஏறி இறங்காமல் சீராக இருந்தால் தலை சுற்றாதாம். அவனே ஓட்டிப் பார்த்தான். திருப்பின உடனே லாரி திரும்பியது. எனக்கு மூச்சு வந்தது.

அவர் உட்கார்ந்தார். முதல் வளைவில் இடித்தது. மறுபடி ஓட்டினார். மறுபடி இடித்தது. மகன் என்னைப் பார்த்தான்.

"டேய், பழசையே போட்டு வையி" என்றார்.

"அதுல லேட்டாவும்பா."

"ஆவட்டும் லா. போடு."

மகன் போட்டான். இனி இடித்தால், மிஷின்தான் லேட்டு என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். நான் அலமாரியில் கிளினிக் கார்டைத் தேடினேன். பத்து நாளுக்கு முன்பே தேடியிருக்க வேண்டும்.